இருபத்தைந்து வெண்கட்டங்கள்

நோகிறது; இன்னும் நோகிறது; ஆகையால் அது என்னிடம் வரவில்லை.

இவ்வாறு தன்னுள்ளே சொல்லிக்கொண்டு, வலக்கைச் சுண்டுவிரலின் நுனியிலிருந்து ஊசியை விலக்கினாள் தெரசம்மாள். கணவன் சந்தியாகு கண்விழிக்குமுன், மகள் பிலோமி பாயைச் சுருட்டுமுன், பிற பெண்கள் நெற்றியில் சிலுவை வரைந்து நாளைத் தொடங்கும் அவ்வேளையில், அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாய் ஊசிமுனையால் தொட்டு, ஒவ்வொன்றும் விடை தருகின்றதா என்று கேட்டுப் பார்ப்பது தவக்காலந்தொட்டு வழக்கமாயிற்று. வலிக்கு முகஞ்சுளிப்பது மாந்தர் இயல்பு. வலித்ததற்காக நன்றி சொல்லும் நிலை தனக்கு வாய்த்திருப்பதை அவள் எவரிடமும் சொன்னதில்லை.

வெளியே, ஆடித் திங்களின் மழை இரவெல்லாம் பெய்து ஓய்ந்து, மீண்டும் பெய்வதற்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பம்பாய் மாநகரின் இடுப்பில் செருகி மறந்த பழந்துணி போலக் கிடந்த தாராவியின் தகரக் கூரைகள் ஈயநிற வானுக்கு ஈயநிறமே காட்டின. மாகிம் கழியின் கருநீர் கரை கடந்து சந்துகளுட் புகுந்து, கதவறியாத நாய்போல வாயிற்படிகளை முகர்ந்து கிடந்தது. தோல் பதனிடும் கொட்டில்களினின்று எழுந்த நாற்றம் மழையில் கரையாது, மழையையே தன்னுட் கரைத்துக்கொண்டு உறங்குவோர் கனவினும் நுழைந்தது. குயவர் சூளைகள் நனைந்து அவிந்திருக்க, சயான் மேட்டையொட்டி ஓடும் மின்வண்டிகள் மட்டுமே அரையிருளை அறுத்து அறுத்துச் சென்றன. அவ்விடத்தில் வெண்மையான பொருளைக் காண்டல் அரிது; கண்டால், அது சுவருக்குப் பூசிய சுண்ணமாயிருக்கும், அன்றேல் பிணத்தின்மேல் இட்ட போர்வையாயிருக்கும். அத்தகைய இடத்தில், கோயிலுக்குப் பின்னிருந்த தகரக் கூடத்தில், பாலினும் வெள்ளிய துணியொன்று மடிப்புக் கலையாமல் மறுநாள் விழாவுக்குக் காத்துக் கிடந்தது.

அத்துணி, அன்னம்மாள் ஊசிவேலைச் சங்கத்தின் வெள்ளிவிழாத் துணி. இரண்டாம் உலகப்போர் மூண்ட ஆண்டில், நெல்லைச் சீமையினின்று தோல்வேலைக்கு வந்த ஆடவரைத் தொடர்ந்து வந்த பெண்கள் சிலர், கன்னியர் மடத்தில் கற்ற பூத்தையலைக் கொண்டு கூடியமர்ந்ததே அச்சங்கம். பின்னர், முதன்முறை நற்கருணை வாங்கும் சிறுமியர்க்கு வெண்ணாடையும், இறந்தோர்க்கு இறுதி ஆடையும் சமயம் பாராது தைத்துக் கொடுத்தமையால், அவர்தம் விழா ஊரார் அனைவரின் விழாவாயிற்று. பலசரக்குக் கடை கணேசபாண்டியன் பெருங்கொப்பரைகளைத் தந்திருந்தார். எதிர்ச்சந்து இளைஞர்கள் மழையையும் பாராமல் கொடித்தாள் கட்டினர். கட்டிய தாள் நனைந்து சாயம் வடிந்தது.

சங்கத்தைக் கூட்டியவள் மிக்கேலம்மாள். பெருந்தோளும் பெருஞ்சிரிப்பும் உடையவள், ஏசுதாசின் மனைவி, பிள்ளைப்பேறு இல்லாதவள், அத்தெருப் பெண்களுட் பாதிப்பேருக்கு ஊசி பிடிக்கக் கற்பித்தவள். கோயிலுக்கென்று செய்யும் துணிக்கு அவள் வைத்த நெறி ஒன்றே. எவளும் தன் பெயரெழுத்தை அதில் இடலாகாது. எல்லாரும் ஒரே அச்சினின்று ஒரே அல்லிமலரைத் தைத்தல் வேண்டும். கட்டங்களை இணைப்பவள் ஒருத்தியன்றி வேறெவளும் எது எவள் கையதென அறியலாகாது. அந்நெறிப்படியே, வெள்ளிவிழாவுக்கென இருபத்தைந்து பெண்கள் இருபத்தைந்து கட்டங்கள் தைத்துத் தர, அவற்றை வலைப்பின்னலால் இணைத்துப் பீடத்துணியாக்கியவள் தெரசம்மாள்.

படிப்போரே, பூத்தையலின் முகத்தைக் கண்டு மகிழ்ந்த நீங்கள், அதன் முதுகைத் திருப்பிப் பார்த்ததுண்டோ? முகத்தில் எல்லாக் கைகளும் ஒன்றே. முதுகிலோ, நூல்முனையை முடிந்தவள், முடியாது அடியிற் செருகியவள், ஓரிதழினின்று மற்றோரிதழுக்குச் சோம்பி நெடுக இழுத்தவள் என்று, ஒவ்வொருத்தியும் தன் மனத்தைத் தானறியாது எழுதி வைத்திருப்பாள். அவ்வெழுத்தையெல்லாம் பல்லாண்டாய்ப் படித்துப் பழகியவள் தெரசம்மாள். படித்து முடித்தபின், கட்டங்களையெல்லாம் ஒரே கஞ்சியில் தோய்த்துத் தேய்த்து இணைத்து, பின்புறம் முழுதும் உள்துணி வைத்து மூடித் தைத்துவிட்டாள்.

அவ்வாண்டுத் தவக்காலத்து வெள்ளிக்கிழமையொன்றில், பெண்கள் கூடத்தில் வட்டமாய் அமர்ந்து தைத்துக்கொண்டிருந்தபோது, மிக்கேலம்மாள் வழக்கம்போல் எவளையேனும் சீண்டாமல் இருக்கமாட்டாதவளாய், தொடர்வண்டி அலுவலகத்தில் வேலை பார்ப்பவரின் மனைவியாகிய லூர்தம்மாளை அன்று பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி லூர்து, ஒம் மாப்பிள கொறட்டகூட இங்கிலீசுலதான் விடுதாராமே? பக்கத்து வீட்டுக்காரி ராத்திரி முழுக்கப் பாடம் படிச்சிக்கிட்டுக் கெடந்தாளாம்.”

முதலிற் சிரித்தவள் லூர்தம்மாளே. சிரிப்பு வட்டத்தைச் சுற்றிவந்து தெரசம்மாளைத் தொட்டபோது, அவள் பார்வை தற்செயலாய் மிக்கேலம்மாளின் கையில் விழுந்தது. ஊசி விரற்சதையின் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளிப்பட்டிருந்தது. அதனை அறியாமலே அவள் நூலை இழுத்தாள். விரலையும் துணியையும் ஒருங்கே தைத்து, அடுத்த தையலுக்கு ஊசியைத் திருப்பினாள். வெண்துணியில் செம்மை படர்ந்தது. ஒருத்தி கண்டு சிரிப்பை நிறுத்தினாள், பிறகு மற்றொருத்தி, காற்றில் அகல்விளக்குகள் அணைவதுபோல ஒவ்வொரு முகமாய் அணைந்து, இறுதியில் மிக்கேலம்மாள் ஒருத்தியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி, எல்லாரும் வாயடச்சுப் போயிட்டிய?” என்றாள். பின்பு அவர்கள் கண் சென்ற வழியே தன் கண்ணையும் தாழ்த்தினாள். பார்த்தாள், நெடுநேரம் பார்த்தபடியே இருந்தாள்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்க என் உள்ளம் ஒருப்படவில்லை. மருத்துவர் தொழுநோய் என்றார். நகரின் ஓரத்து நோயர் இல்லத்துக்கு அவளை ஏற்றிச் சென்ற வண்டி சந்தினுள் நுழையமாட்டாமல் முனையில் நிற்க, அவள் தன் காலால் நடந்தே சென்று ஏறினாள். அவளுடைய பாயும் தலையணையும் தெருவில் எரிந்தன. குருதி பட்ட துணியை ஒருத்தி இடுக்கியாற் பற்றி அத்தீயில் இட்டாள். ஏசுதாஸ் வீட்டைப் பூட்டிக்கொண்டு தம்பி இல்லத்துக்குப் போனான். கூடத்துக்குப் புதுச் சுண்ணம் பூசினர், லூர்தம்மாளைத் தலைவியாக்கினர், மிக்கேலம்மாள் என்னும் பெயர் அக்கூடத்தில் அன்றுமுதல் ஒலிக்கவில்லை. இருபதாண்டு அவள் தோளையொட்டி அமர்ந்து, அவள் ஊசியை வாங்கித் தைத்து, தன் ஊசியை அவளுக்குக் கொடுத்த தெரசம்மாளும் அப்பெயரை ஒலித்தாளில்லை. நோயர் இல்லத்துக்கு ஒருநாளும் போனாளில்லை. அவள் தன் விரல்களை மட்டும் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விழாவுக்கு முந்திய அந்நாளின் பிற்பகலில், துணியை நீள்பலகையில் விரித்துப் பெண்கள் கடைசி மடிப்புகளை நீவிக்கொண்டிருந்தபோது, வளையற்காரி மதீனா பீவி கூடை சுமந்து வந்தாள். அவளுடைய இளவலும் அதே நோயர் இல்லத்தில் இருந்தான். கிழமைதோறும் அவனைக் காணச் செல்பவள் அவள். மகளிர் கைக்கு வளையல் ஏற்றிக்கொண்டே, நற்செய்தி கொணர்ந்தவள்போல அவள் மலர்ந்து சொன்னாள்:

“மிக்கேலு லாத்தா எல்லாருக்கும் சலாம் சொல்லிச்சு. கையில கட்டுப் போட்டிருக்கு. வாயிக்கு மட்டும் கட்டுப் போட முடியல, அங்க டாக்டரையும் விட்டுவைக்கல. கிறிஸ்மஸுக்கு முந்தியே குடுத்த கட்டம் துணியில வந்திட்டுதான்னு கேட்டுட்டு வரச் சொல்லிச்சு. நாளைக்கு நான் அங்கதான் போறேன். என்ன சொல்லட்டும்?”

நீவிக்கொண்டிருந்த கைகள் யாவும் துணியை விட்டு ஒருசேர எழுந்தன. தீயிட்டதோடு அவள் கைத்தையல் தீர்ந்ததென்றே அப்பெண்கள் நம்பியிருந்தனர்; நோய் வெளிப்படுமுன் அவள் தைத்துக் கொடுத்த கட்டமொன்று இவ்வெண்மையுள் கலந்திருப்பதை எவளும் எண்ணிப் பார்த்ததில்லை. லூர்தம்மாள் இன்சொற் கூறி மதீனா பீவியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தகரக்கூரையில் மழை மீண்டும் தொடங்கிற்று.

லூர்தம்மாளைக் கொடியவள் என்று எண்ணிவிடாதீர்கள். அவள் கண்கள் கலங்கியே இருந்தன. ஆயினும் மறுநாள் திருப்பலி முடிந்ததும் ஊர்க்குழந்தைகள் வரிசையாய் வந்து அத்துணியின் விளிம்பை முத்தமிடுவார்கள். அக்குழந்தைகளுள் அவளுடைய பேரனும் ஒருவன். அருள்தந்தையிடம் சொல்லலாமா என்று ஒருத்தி கேட்டதற்கு, சொன்னால் விழாவே நின்றுபோகும் என்று மற்றவர்கள் அடக்கினர். இளையவளாகிய சகாயராணி, தெரியாமல் தன் கட்டத்தைப் பிரித்துவிட வேண்டாமென்று முணுமுணுத்தாள். அதைக் கேட்டதும் ஒவ்வொருத்தியும் தன் கட்டம் எதுவெனத் துணியின்மேல் கண்ணோட்டித் தேடினாள். இருபத்தைந்து அல்லிகளும் ஒரே முகத்தோடு அவர்களைத் திரும்பிப் பார்த்தன.

லூர்தம்மாள் தெரசம்மாளின் அருகே வந்தமர்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

“தெரசு, எது அவளுதுன்னு நீ சொல்லக்கூட வேண்டாம். நாங்க எல்லாரும் வெளிய போயிருதோம். நீயே பிரிச்செடுத்து அடுப்புல போட்டிரு. மிச்சக் கட்டம் ஒண்ணு பெட்டியில கெடக்கு, அத வச்சுத் தச்சிரு. யாரும் கேக்க மாட்டோம்.”

லூர்தம்மாள் இன்னும் நெருங்கியமர்ந்தாள்.

“பாண்டுப்புக்காரவ நாளைக்கு வாராவ. பிலோமிக்கு மொத ஓல வாசிக்கப்போற நாளு. நீ இருபது வருசம் அவகூட ஒட்டிக் கெடந்தவ. இப்பமும் அவளுக்காவ நின்னியன்னா, சனம் ஒங் கையப் பாக்கும்ட்டி.”

அச்சொல் உண்மையென்பதைத் தெரசம்மாள் அறிவாள். பாண்டுப்பிலிருந்து வரவிருந்த வருங்காலச் சம்பந்தி ஆபிரகாம் நல்லவர். ஆனால் நல்லவர்களும் மகனைப் பெற்றவர்களே. கோயிலில் மணவோலை வாசித்துத் திருமணத்தை அறிவிக்குமுன் ஒரு சொல் அவர் செவிக்கு எட்டினால் போதும். பிலோமியின் வாழ்வு மூடிய கதவின்முன் நின்றுவிடும். தன் மடியில் கிடந்த கைகளை அவள் நோக்கினாள். அவை இன்றைக்குத் தூயவை; நாளைக்கு எப்படியோ, அவள் அறியாள்.

அப்போது அவள் நெஞ்சில் ஒரு வழி தோன்றிற்று. அது மிக எளிய வழி. விளிம்போரத்தில் அவளுடைய சொந்தக் கட்டம் இருந்தது. அதைப் பிரித்து எரித்துவிட்டால், அதுவே மிக்கேலம்மாளுடையது என்று இவர்கள் ஆறுதல் கொள்வர், மிக்கேலம்மாளின் மலரோ ஒருவரும் அறியாமல் பீடத்தை அணையும், மதீனா பீவி நாளை ஆம் என்று சொல்லலாம், பிலோமிக்கும் இடையூறில்லை. எவருக்கும் தீங்கில்லாத பொய். ஊறுபட்ட விலங்கு நிழல்கண்டு ஓடுவதுபோல அவள் உள்ளம் அவ்வழியே ஓடிற்று.

ஓடியது பாதிவழியில் நின்றது. அடுப்பில் அக்கட்டம் சுருண்டு கருகுவதையும், மூக்கை முந்தானையால் மூடி நிற்கும் பெண்கள் பெருமூச்செறிவதையும், நல்லவேளை, தொலைந்தது என்று ஒருத்தி சொல்வதையும் அவள் முன்னரே கண்டாள். எரிவது என் கைத்தையல். என் கைத்தையல் எரிய இவர்கள் மகிழ்வதை நான் பார்த்து நிற்பேன். என் விரல்களும் ஒருநாள் விடை தராமற் போகுமாயின், அன்று என்னை எவ்வாறு எடுத்தெறிய வேண்டும் என்பதை இன்று நானே இவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தவளாவேன். அவளுடைய மலரைக் காத்தேன் என்றும் சொல்லிக்கொள்ள இயலாது; அவள் பெயரால் ஒன்று எரிந்தேயிருக்கும். இவ்வாறெல்லாம் அவள் எண்ணினாள். எண்ணியதால் அச்சம் அவளை விட்டு நீங்கவில்லை, முன்னினும் மிகுந்தது. ஆயினும் அந்த எளிய வழி மட்டும் அடைபட்டுப் போயிற்று.

லூர்தம்மாள் பலகையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

“நீ செய்யலன்னா, முழுத்துணியயும்தான் எரிக்கணும். இருபத்தஞ்சு பேரு கண்ணு நோகத் தச்சது. ஒருத்திக்காவ எல்லாத்தயும் எரிக்கச் சொல்லுதியா?”

தெரசம்மாள் எழுந்தாளில்லை, குரலையும் உயர்த்தினாளில்லை, அடுப்படியில் உப்புப் போதும் என்று சொல்லும் பெண்ணின் குரலே அது.

“எது அக்காளுதுன்னு எனக்குத் தெரியும் மைனி. மறந்துட்டேன்னு பொய் சொல்லல. ஆனா நான் பிரிக்க மாட்டேன். எரிக்கதுன்னா, முழுசா எரிச்சிருங்க.”

நீட்டிய கத்தரிக்கோல் நீட்டியவாறே நின்றது. ஒருவர் வீட்டுப் பிணத்துக்கு ஒருவர் ஆடை தைத்துக் கொடுத்துக் கால்நூற்றாண்டு கூடியிருந்த அப்பெண்கள், எரிப்பதா விடுவதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்க, அவர்கள் நடுவே தெரசம்மாள் தன் இரு கைகளையும் மடியில் எல்லாரும் காணுமாறு விரித்து வைத்துக்கொண்டு, மழையின் ஓசைக்குக் கீழே, அமர்ந்திருந்தாள்.