தப்பில்லாத வாக்கியம்

இங்கிலீஷில் ஒரு வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு வினைச்சொல் வந்து உட்கார்ந்தால், அதற்கு முன்னால் ‘டு’ போடுவதா, பின்னால் ‘இங்’ ஒட்டுவதா? இந்த மாதிரிக் கேள்விகளில் கோட்டை விட்டுப் பத்தாம் வகுப்பில் தவறிய பெண்பிள்ளைகளெல்லாம், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருந்த அந்த டுடோரியலில் வந்து குவிந்திருந்தார்கள். கீழே பூட்டுப் பட்டறை. மேலே புஷ்பமேரி டீச்சர். இரண்டு இடத்திலும் காலையிலிருந்து அரம் போட்டு ராவிக்கொண்டேதான் இருப்பார்கள்.

டீச்சர் என்றாலும் பெரிய வயசில்லை. பி.ஏ. முடித்து, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு, அரசாங்க வேலைக்காகக் காத்திருந்தவள். ஆனால் பாடம் நடத்துவதில் கெட்டிக்காரி, அதை யாரும் மறுக்க முடியாது. போர்டில் ஒரு பக்கம் ‘வாண்ட், டிசைட், ரெஃப்யூஸ்’ என்று எழுதுவாள். இவை ‘டு’ கேட்கும் சாதி. மறுபக்கம் ‘என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ்’. இவை ‘இங்’ கேட்கும். ஒவ்வொருத்தியாக எழுந்து சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். தப்பில்லாமல் சொன்னால் வகுப்பே கைதட்டும்.

“நெசமா இருக்கணும்னு இல்லடி. யானை மேல ஏறி வாரேன்னு கூடச் சொல்லு. ‘டு’வும் ‘இங்’கும் எடத்துல விழுந்தாச் சரி” என்பாள்.

அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்? செருப்புக்கு வழியில்லாதவள் லண்டன் போக விரும்பினாள். பிரியாணிக் கடை வீட்டு அஜீஸுன்னிசா பிரியாணி தின்பதையே தவிர்ப்பதாக முகத்தை வைத்துக்கொண்டு அளந்துவிட்டாள். அதற்கும் கைதட்டல்தான்.

சோலையம்மாளுக்கு மட்டும் பொய் வராது, வாக்கியமும் வராது. ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். மற்ற பாடமெல்லாம் பாஸ், இங்கிலீஷ் ஒன்றுதான் காலை வாரியது. அதைத் தாண்டிவிட்டால் காந்திகிராமத்தில் நர்ஸ் படிப்பு. தாண்டாவிட்டால் வடமதுரை. அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த அவளுடைய அக்கா புருஷன், அக்கா பிரசவத்தில் செத்த பிறகு, கைக்குழந்தையோடு நின்றார். வீட்டில் எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். இதெல்லாம் புஷ்பமேரிக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆடி மாதம் ஒரு நாள் சோலையம்மாள் தானாகவே எழுந்து நின்றாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, போர்டைப் பார்த்துச் சொன்னாள்.

“ஐ ரெஃப்யூஸ் டு மேரி மை அக்காஸ் ஹஸ்பண்ட்.”

“அக்கான்னு இங்கிலீஷ்ல வருமா? எல்டர் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட். திருப்பிச் சொல்லு.”

அவள் திருப்பிச் சொன்னாள். அக்கா புருஷனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று, பத்திருபது பேர் நடுவில், குரல் நடுங்கச் சொன்னாள். வகுப்பே கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது புஷ்பமேரிதான்.

“பாத்தீங்களாடி, சோலைக்கே வந்துருச்சு!”

சோலையம்மாள் உட்காராமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உக்காரும்மா. அடுத்தது யாரு?” என்றாள் புஷ்பமேரி.

அந்த வாரமே சோலையம்மாளின் அப்பா உடையப்பன் மாடி ஏறி வந்தார். தக்காளியை மண்டியில் இறக்கிவிட்டு வந்தவர், டீச்சருக்கென்று ஒரு பையில் கொஞ்சம் எடுத்து வந்திருந்தார்.

“டீச்சர், புள்ள இந்தத் தடவ தேறிருமா? ஒங்க வாயால தேறிரும்னு சொல்லிட்டீகன்னா, வீட்ல நடக்கறத நான் நிறுத்தி வச்சுருவேன்.”

வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கலாம். ஆனால் பெற்றவர்களுக்கு வாக்குக் கொடுப்பதில்லை என்று அவள் ஒரு விரதம் வைத்திருந்தாள். கொடுத்தால், ரிசல்ட் வந்ததும் சண்டைக்கு வந்துவிடுவார்களாம்.

“உறுதியாச் சொல்ல முடியாதுங்கய்யா. இப்பத்தான் ஒரே ஒரு வாக்கியம் ஒழுங்கா வந்திருக்கு.”

உடையப்பன் தலையாட்டினார். பையை வைத்துவிட்டு மெதுவாக இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் சோலையம்மாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஆவணியில் அஜீஸுன்னிசா வந்து சொன்னாள்.

“சோலைக்குக் கல்யாணம் ஆயிருச்சாம் டீச்சர். அவ அக்கா மாப்பிள்ளைக்கே குடுத்துட்டாக.”

“அடிப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அவ!”

“சொன்னாளே டீச்சர்” என்றாள் அஜீஸுன்னிசா. “எந்திரிச்சு நின்னு சொன்னாளே. நீங்க அக்காங்கறதத் திருத்துனீங்க. நாங்க கை தட்டுனோம். எனக்கும் அப்ப வெளங்கல டீச்சர்.”

சாக்பீஸைக் கீழே வைத்த புஷ்பமேரி அன்றைக்குப் பாடமே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேரே வடமதுரைக்கு பஸ் ஏறினாள். கடையைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. சோலையம்மாள் கல்லாவில் இருந்தாள், மடியில் அக்கா குழந்தை. டீச்சரைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூல் எடுத்துப் போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுத்தாள்.

“நல்லாருக்கேன் டீச்சர். அவுக ஒன்னும் கெட்டவுக இல்ல” என்றாள், யாரும் கேட்காமலேயே.

“தமிழ்ல சொல்லியிருக்கக் கூடாதாம்மா? ஒங்க அப்பா வந்தப்ப நான் ஒரு வார்த்த சொல்லியிருப்பேனே. அவரு கேட்டுருப்பாரே!”

“தமிழ்ல சொல்ல வாய் வரல டீச்சர். செத்தவ எங்கக்கா, இது அவ புள்ள. மாட்டேன்னு எப்புடிச் சொல்றது? இங்கிலீஷ்ல சொன்னப்ப வேற யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. அதான் தைரியமாச் சொன்னேன்.”

புஷ்பமேரி அழுதுவிட்டாள். கடைக்கு வந்தவர்கள் பார்ப்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

“அழுவாதீக டீச்சர்” என்றாள் சோலையம்மாள். குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். “நான் சொன்னது தப்பில்லாமத்தான இருந்துச்சு?”

“ஒரு தப்பும் இல்லம்மா.”

சோலையம்மாளின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. யாரோ துவரம்பருப்பு கேட்டார்கள். அவள் எழுந்து எடைபோடப் போனாள்.