வேலி எடுத்த இடம்

2024 மே 14, ஸ்காபரோ. ஹைலண்ட் கிறீக்கில் நிலாணியின் பின்வளவிலிருந்த இரண்டு தேனீப் பெட்டிகளை மாகாணத்தின் தேனீப் பரிசோதகர் பார்வையிட்டார்.

முறைப்பாடு எதுவும் இல்லை. பெட்டிகளைப் பதிவு செய்தவளே நிலாணிதான். முந்திய இரண்டு குளிர்காலங்களிலும் தேனீக்கள் பெட்டியோடு செத்துப்போயிருந்தன; இம்முறை தப்பியிருந்தன. அதை யாராவது வந்து பார்க்கட்டுமே என்றும் அவளுக்குள் ஓர் ஆசை.

வந்தவள் ஜெசிகா, இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. பெட்டிக்குள்ளிருந்த தேனடைச் சட்டங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "நோயே இல்லை அன்ரி. சூப்பர் ஹெல்தி." பிறகு சுற்றும் பார்த்தாள். "உங்கட பவுண்டரி எது?"

"அந்தா, அந்த மேப்பிள் மரம். மற்றப் பக்கம் அந்தப் பச்சைக் கொட்டில். பெட்டியிலை இருந்து ரெண்டு பக்கமும் முப்பது மீற்றருக்கு மேலை. நானே அளந்தனான்."

"கொட்டில் பக்கத்து வீட்டுக்காரற்றை எல்லோ?"

"அது என்ரை அண்ணை வீடு, பிள்ளை. வாங்கின வருசமே நடுவேலியைப் பிடுங்கிப்போட்டம்."

ஊரில் வேலிக் கதியாலை ஒரு சாண் அரக்கி நட்டதற்காகக் கோடு, வழக்கு என்று ஏறிய குடும்பம் அது. அண்ணனும் தங்கையும் இங்கே வந்து வேலியே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். வேலி போனதும் வளவு ஒன்றாகிவிட்டது என்றே நிலாணி நம்பினாள். பெட்டிகளை இரண்டு வளவுக்கும் சரி நடுவில் வைத்ததும் அந்த நம்பிக்கையில்தான்.

ஜெசிகா தயங்கினாள். "வேலி இல்லாட்டிலும் கோடு இருக்கு அன்ரி. அங்காலை ஆக்கள் குடியிருந்தா, அந்தக் கோட்டிலை இருந்து முப்பது மீற்றர் தள்ளி வைக்கவேணும். சொந்தக்காரர் எண்டாலும் ரூல் அதுதான்."

"அந்தக் கோடு எங்கை ஓடுது?"

"மூலையள்ளை காணி அளந்த சேர்வேயர் அடிச்ச இரும்புக் கம்பி இருக்கும். புல்லுக்குக் கீழை."

ஜெசிகா போனபின் நிலாணி அண்ணனைக் கூப்பிட்டு மண்வெட்டியோடு தேடினாள். முன் மூலையில் ஒன்று, பின் மூலையில் ஒன்று, துருப்பிடித்த சதுரக் கம்பிகள். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார்கள். கயிறு ஒரு பெட்டியின் அடியால் போனது.

"உதிலை பாதிப் பெட்டி என்ரை காணியிலை நிக்குது," என்றார் அண்ணன் இராஜரட்ணம். "வாடகை தா."

நிலாணி சிரிக்கவில்லை. "ரெண்டு காணியையும் ஒரே பேரிலை எழுதினா கோடு போயிடுமோ அண்ணை?"

அவர் மனைவி துர்க்கா தங்கள் வீட்டுப் பின்வாசல் படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஓம் மச்சாள், ரெண்டு போத்தில் தேனுக்கு என்ரை வீட்டை எழுதித் தாறன். பேனை கொண்டு வாங்கோ!"

இராஜரட்ணம் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். நிலாணி மண்வெட்டியை எடுத்து, தோண்டிய மூலைகளை மூடப் போனாள்.

கோட்டிலிருந்து முப்பது மீற்றர் தள்ளினால் மறுபக்கத்து மேப்பிள் எல்லை வந்துவிடும். ஜூன் முதல் வாரத்தில் இரண்டு பெட்டிகளும் ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே ஒரு பண்ணைக்கு மாற்றப்பட்டன. பதிவில் முகவரி திருத்தப்பட்டது.