போனில் பேசிய பிள்ளை

எட்டு மாதம் கழித்துப் புருஷன் வீடு வந்திருக்கிறான். மைதிலியோ காலையிலிருந்து அவன் முகத்தைப் பார்க்காமல் ஏதாவது வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

குணசீலன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியோடு சத்தீஸ்கர் போனவன். போர் போடும் காட்டில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. படம் தெரியாது, குரல் மட்டும்தான். பையனைப் பேசச் சொல்லு என்று தினமும் கெஞ்சுவான். ஒருநாள் தாங்க முடியாமல் மைதிலியே குரலைச் சிறுசாக்கி, "அப்பா, எப்ப வாரீங்க?" என்றாள். மனுஷன் பூரித்துப்போனான். அப்புறம் அந்தப் பொய்யை நிறுத்த அவளுக்குத் துணிவு வரவில்லை.

தர்ஷனுக்கு மூன்று வயதாகப் போகிறது. வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துத்தான் காட்டுவான். இரண்டு வயதிலேயே இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், இனியும் காத்திருக்காதே என்று அங்கன்வாடி டீச்சர் கோகிலவாணி கண்டித்துச் சொல்லிவிட்டாள். பேச்சுப் பயிற்சிக்குப் பார்க்க நாளைக்கு நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் புருஷனிடம் எந்த முகத்தோடு சொல்வது? சொல்லாமல் தள்ளிப்போட்டால் வீணாவது பிள்ளையின் நாட்கள்தானே.

தர்ஷன் அப்பாவின் விரலைப் பிடித்துத் தண்ணீர்க் குடத்துப் பக்கம் இழுத்தான். குணசீலன் ஒரு டம்ளர் மொண்டு உயரே பிடித்துக்கொண்டான்.

"என்ன வேணும்னு சொல்லு சாமி. சொன்னாத்தான் தருவேன்."

பிள்ளை எம்பியது, கத்தியது. பிடிவாதம் என்று நினைத்து அவன் சிரித்தான். பிள்ளை தரையில் தலையை முட்டத் தொடங்கியது.

போனில் அந்தப் பேச்சுப் பேசுகிறவனுக்கு என்னைக் கண்டால் வெட்கமா என்று கேட்டுக்கொண்டே குணசீலன் போனை எடுத்தான். அந்தக் குரலை அவன் பதிந்து வைத்திருந்தது மைதிலிக்குத் தெரியாது. ரிக்கில் இருந்த ஆட்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினானாம். அவள் எழுந்து வருவதற்குள் போன் பேசிவிட்டது.

"அப்பா, எப்ப வாரீங்க?"

தர்ஷன் அழுகையை நிறுத்தினான். போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே அம்மாவிடம் ஓடி, அவள் வாயில் கையை வைத்தான்.

குணசீலன் இன்னொரு தரம் போட்டான். பிள்ளை மறுபடியும் அவள் வாயைத்தான் தொட்டது.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? மைதிலி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், நாளைய ஆஸ்பத்திரி உட்பட. கை நீட்டுவானோ, எழுந்து வெளியே போய்விடுவானோ என்று தலை குனிந்து நின்றாள். அவன் முதலில் டம்ளரைப் பிள்ளையின் வாயில் வைத்தான். குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு எத்தன மணிக்குப் போகோணும்?"

"ஒம்பது மணிக்குங்க."

"நானும் வாரேன்." பதிவை அழித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டான். "இனி போன்ல அவனுக்குப் பதிலா நீ பேசாத மைதிலி. அவன் பேசற வரைக்கும் மூச்சு உடற சத்தம் கேட்டாலே போதும் எனக்கு."