அடுக்களையில் கிடத்தினார்கள்

"அந்த ஒயரத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்!"

பிணம் வைக்கும் குளிர்ப்பெட்டியின் கம்பியைச் செருக இடம் தேடிக் குனிந்த தம்பி, அக்காவின் குரலில் அப்படியே நின்றான்.

கூடத்துச் செருகுவாயில் ஒன்பது பழைய கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன; பத்தாவதாக எதைச் சேர்த்தாலும் ஃபியூஸ் போய்விடும். அவை பள்ளிக்கூடத்தின் கணினிகள். கணினி ஆசிரியரான அவள் கணவர், அன்று காலை ஆறு மணிக்கு அவற்றில், பழைய கணினியும் தாங்கும் இலகுவான இலவச மென்பொருளை ஏற்றத் தொடங்கினார். எட்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தார். மனிதர் நின்றுவிட்டார், வேலை நிற்கவில்லை.

"மாமாவே போய்ட்டாரு, இந்த ஓட்ட ஒடசலுக்கு என்னக்கா அவசரம்? பொண்ணு நாளைக்குத்தான் வருவா. உடம்பு தாங்க வேணாமா?"

"பாதியில நின்னா மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஆரம்பிக்கத் தெரிஞ்சவர் கட்டில்ல கெடக்கறாரு. நீ ஆரம்பிப்பியா?"

மாலையுடன் வந்திருந்த தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு நிர்வாகக் குழு வருதும்மா. ஒன்பதும் ஓடலன்னா கம்ப்யூட்டர் அறைய மூடச் சொல்லிட்டாங்க. சார் தவறிட்டாருன்னு நான் சொல்லிக்கறேன். யாரும் உங்களக் குறை சொல்ல மாட்டாங்க."

"மூடிட்டு?"

"புதுசு வாங்க நம்மகிட்ட வழி ஏதும்மா? பிள்ளைங்க புத்தகத்துல படம் பாத்துக் கத்துக்கட்டும்."

"நீச்சலையும் படத்துலயே கத்துக் குடுத்துடுங்க சார்."

இருபது ஆண்டுகளாக அந்தக் கணினிகளைச் சக்களத்திகள் என்று ஏசியவள் அவள்தான். 'கிழவன் தலையில மலைய ஏத்திட்டு, நடக்கலன்னு திட்டறாங்க. சுமைய மாத்து, ஓடுவான்' என்று கணவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் அவளுக்கு எரிச்சலையே மூட்டும்.

அவள் தம்பியிடம் திரும்பினாள். "ஃப்ரிட்ஜ் பிளக்கப் புடுங்கு. பெட்டிய அடுக்களையில வை."

"சமையக்கட்டுலயா? ஊரே சிரிக்கும்க்கா!"

"சிரிக்கறவங்க சிரிக்கட்டும். அழறவங்க அங்க போய் அழட்டும்."

வெங்காயக் கூடையை நகர்த்தி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் அடுப்புமேடைக்கும் இடையே பெட்டியை வைத்து அவரைக் கிடத்தினார்கள். வந்தவர்கள் கம்பிகளைத் தாண்டி, ஒருவர் பின் ஒருவராக உள்ளே சென்று அழுதார்கள். "இப்படியும் ஒரு பொம்பளையா?" என்று யாரோ முணுமுணுத்தது கூடம்வரை கேட்டது. அவள் கணினிகளின் முன்னிருந்து எழவில்லை. தலைமையாசிரியரும் போகவில்லை; சுவரோரம் நாற்காலியில் அமர்ந்து, தாமும் திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு முதல் கணினி தானே அணைந்து, தானே எழுந்தது. மூன்றரைக்குள் எட்டு எழுந்தன. ஒன்பதாவது, நெடுநேரம் இருண்டு கிடந்தது. நான்கரைக்கு அதன் திரையும் வெளுத்தது.

தலைமையாசிரியர் எழுந்தார். "இதுங்கள ஏத்த, காலையில எத்தன மணிக்கு வண்டி அனுப்பட்டும்?"

"ஏழு."

அதன்பிறகுதான் அவள் அடுக்களைக்குள் போனாள். காலையிலிருந்து மின்சாரமில்லாத குளிர்பதனப் பெட்டியின் பனி உருகி, தரையெங்கும் நீர் பரவியிருந்தது. கந்தைத் துணியொன்றை எடுத்து, அவர் இருந்த பக்கம் ஈரம் போகாதபடி, குந்தியமர்ந்து துடைக்கத் தொடங்கினாள்.