நாற்பத்திரண்டு அடிக் கோயில்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்தப் புதன்கிழமை கம்ப்யூட்டரையே தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன்.

1996. லோபாக் பட்டணத்தில் நான் வேலை பார்த்த, பிளான் வரைந்து கொடுக்கும் கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் முப்பரிமாண மென்பொருள் இருந்தது. அதில் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயிலை வரைந்துகொண்டிருந்தேன். நிஜக் கோயிலைச் சாலை போட இடித்து ஒரு மாதமாகிவிட்டது. அம்மன் சிலையாக எஸ்டேட் தாயம்மா அக்கா வீட்டில் இருந்தாள். எஸ்டேட் தருவதாகச் சொன்ன மாற்று இடம் முப்பத்தாறு அடி நீளம். பழைய கோயில் அதே அளவில் அங்கே அடங்கும் என்று சனிக்கிழமை எஸ்டேட் மேனேஜருக்குக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பகாவ் ஊர்க் கோயிலில் அம்மனை ஒப்படைக்க வேண்டியதுதான்.

இடிப்பதற்கு முன் எங்கள் கங்காணியான மண்டோர் சன்னாசி மாமா எழுதிவைத்த அளவுதான் ஒரே ஆதாரம். நீளம் நாற்பத்திரண்டு அடி. வரைந்தால் பின்சுவர் ஆறு அடி எல்லைக்கு வெளியே நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"போச்சு மாமா. அடங்கல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா திரையை உற்றுப் பார்த்தார். "ஏம்மா ரோகினி, நம்ம கோயிலு இப்படிக் குட்டையாவா இருந்துச்சு? யாரோ தலையில அமுக்குன மாதிரி இருக்கே!"

"உயரம் நீங்க எழுதுனதுதானே?"

"அது ஆபீஸ் கணக்கெழுதுற கிராணி கொடுத்த டேப்புல அளந்தது. சுவத்து மேல நடக்க முடியுமா?"

"அப்ப நீளம், அகலம்?"

"நடந்துதான் அளந்தேன். குதிகால் கட்டைவிரல ஒட்டுற மாதிரி வச்சு வச்சு. நாப்பத்திரண்டு அடி லா!"

"ஐயோ மாமா! காலக் காட்டுங்க!"

"செருப்போடயா?"

"கோயிலுக்குள்ள யாரு செருப்பு போடுவா? கழட்டுங்க!"

வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்க்க, தரையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்தேன். சரியாகப் பத்து அங்குலம். நாற்பத்திரண்டு பத்து நானூற்று இருபது அங்குலம். முப்பத்தைந்து அடி!

நீளத்தையும் அகலத்தையும் குறைத்தேன். கோடு கோடாகக் கோயில் மறுபடி எழுந்தது. பின்சுவர் எல்லைக்குள் வந்து, ஓர் அடி மிச்சமும் இருந்தது. கோயிலைச் சுற்றிவரும் பதினைந்து நொடிப் படத்தை உருவாக்கி முடிக்கக் கம்ப்யூட்டருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது.

சனிக்கிழமை மேனேஜர் படத்தை இரண்டு தடவை பார்த்தார். அளந்த விதத்தையும் மறைக்காமல் சொன்னேன். சிரித்துவிட்டு, "போலே, சரி, கட்டுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆபீஸ் வாசலில் நின்ற தாயம்மா அக்கா அங்கேயே குலவை போட்டார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார்.

"எங்கக்கா ஓடுறீங்க?"

"அவகிட்ட மொதல்ல சொல்லணும்டி! ஒரு மாசமா எங்க போறதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கா!"