பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்

உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டை முழுசாக ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கிவிட்டு, "பாரு, மத்தியானத்துக்குள்ள பேதி நின்னுடும்" என்றார் என் வீட்டுக்காரர் மணிமாறன். மக்காச்சோளத்தில் புழு விழுந்தபோதும் இதே கணக்குதான் அவருக்கு. கடைக்காரர் ஒரு மூடி மருந்து என்றால் இவர் ஒன்றரை மூடி ஊற்றுவார். புழு செத்தது என்னவோ உண்மை. ஆனால் எங்கள் மகள் அபிநயாவுக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தாள், பேதி கூடிப்போனது, கண் உள்ளே போய்விட்டது. பூலாம்பாடிக்கு வண்டியில் போகும்போது, பிள்ளை நம்மை விட்டுப் போய்விடுவாளோ என்று அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயசித்ரா பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். அது மெதுவாகத்தான் படிந்தது; உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது என்றார். ஸ்பூனில் தண்ணீர் காட்டினார். அபிநயா ஆவலாக வாயைத் திறந்தாள்.

"குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க மேடம். இல்லன்னா பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடறேன்" என்றார் இவர்.

"பாப்பா வாயால குடிக்கிறா, அதுவே போதும். குடிக்க முடியாமப் போனா நானே ஏத்திடுவேன். வீட்ல எவ்வளவு தண்ணியில கலந்தீங்க?"

இவர் டம்ளர் அளவைக் கையால் காட்டினார். டாக்டர் திட்டவில்லை. அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. "அது ஒரு லிட்டருக்கு உள்ளதுங்க. கெட்டியாக் குடுத்தா உடம்புல இருக்கிற தண்ணியையும் இழுத்துடும்" என்று சொல்லி, லிட்டர் ஜாடியையும் புதுப் பாக்கெட்டையும் அவரிடமே நீட்டினார். "நீங்களே கலந்து குடுங்க. அம்மா நடுவுல தாய்ப்பால் குடுக்கட்டும், நிறுத்த வேணாம்."

ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத மனுஷர் பிள்ளையை மடியில் போட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வாந்தி. விருட்டென்று எழுந்து வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

"பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவாக் குடுங்க" என்றார் டாக்டர். வெளியே அத்தனை கூட்டம் நின்றும், எங்கள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இவர் என்னைப் பார்த்தார். எனக்கும் பயம்தான், ஆனால் அந்த அம்மாளை நம்பத் தோன்றியது.

"மேடம் சொல்றபடி செய்யுங்க" என்றேன்.

சாவியைப் பையில் போட்டார். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் ஸ்பூனை எடுத்தார். டீ வேண்டாம் என்றார், வந்த போனை எடுக்கவில்லை. அந்த முரட்டுக் கை ஒரு சொட்டு சிந்தாமல் ஸ்பூனைப் பிடித்திருந்ததைப் பார்க்கப் பார்க்க, காலையிலிருந்து அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

வெயில் தாழும்போது திடீரென்று கத்தினார். "மேடம்! ஒண்ணுக்குப் போயிட்டா மேடம்!"

டாக்டர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "உள்ள தண்ணி நின்னாத்தாங்க அது வரும். நிறுத்தாதீங்க, குடுங்க."

நான் துணியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நனைந்த வேட்டியோடு அப்படியே உட்கார்ந்து, அடுத்த ஸ்பூனை மொண்டார்.