சல்லடை மூடி

வீடாக மாற்றிக்கொண்டிருந்த வேனில், சிலிண்டர் பெட்டிக்குள் மரத்தூள் கிடந்தது. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் அப்படியே நின்றது.

கீழே போயிருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தங்கும். அதனால் பெட்டியை வண்டியின் உட்பக்கம் இடுக்கில்லாமல் அடைத்து, அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டு கேஸை வெளியே விட வேண்டும். நானும் அண்ணனும் வேன் தரையில் சாக்பீஸால் வரைந்தது அப்படித்தான். ஹீட்டர் முன் சீட்டுக்கு அடியில், புகைக்குழாய் வெளியே. பேட்டரி டிரைவர் சீட்டுக்குப் பின்னால்.

பிறகு என் கணவர் கட்டிலை அகலமாகக் கேட்டார். பேட்டரி நகர்ந்து சிலிண்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தது. நடுவில் ஒரு பலகை மட்டும். ஓட்டை இருக்கிறதே என்றுதான் சம்மதித்தேன்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வட்டமான சல்லடை மூடி, நான்கு ஸ்குரூ. நெம்பினேன். கையோடு வந்தது. பசை வைத்து ஒட்டியிருந்தது. ஸ்குரூக்கள் வெறும் தலைகள். பின்னால் தகடு முழுசாக இருந்தது.

அண்ணன் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிறவன். பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். மூடியை அவன் முன்னால் வைத்தேன்.

“ஏன் கழட்டின?”

“கழட்டல. கையோட வந்துச்சு.”

சிரிக்கப் பார்த்தான். “பாப்பா, உன்னை யாரு இன்ஸ்பெக்டர் வேலைக்கு எடுத்தது?”

“ஓட்டை எங்கண்ணா?”

டம்ளரைக் கீழே வைத்தான். “மாப்பிள்ளை வேணாம்னுட்டார். பாடியில ஓட்டை விழுந்தா வண்டி விலை போகாதாம். ஹீட்டர் குழாய்க்குப் பழைய ஓட்டை ஒண்ணு இருந்துச்சு, பொழைச்சுது.”

“சரி, அவர் வேணாம்னார். நீ எதுக்கு மூடிய ஒட்டின?”

“நீ குனிஞ்சு பார்ப்பேன்னு தெரியும்.”

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான்.

“உள்ள தூங்கப் போறது நான். பக்கத்துல பேட்டரி. ஒரு பொறி போதும்.”

“சமைச்சதும் வால்வை மூடிடறேன்னார். ஒரு மாசம்தானே போறீங்க. அதுக்குள்ள என்ன ஆகிடும்?”

“ஒரு மாசமா?”

அவன் டம்ளரைத் திரும்ப எடுத்தான். அதில் டீ இல்லை.

“வந்ததும் வண்டியக் கொடுத்துடறேன்னு ஒருத்தர்கிட்ட பேசி வச்சிருக்கார். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“எனக்குத் தெரியும்னா மூடி எதுக்கு?”

அவன் மூடியைக் கவிழ்த்து வைத்தான்.

நான் பள்ளிக்கூட வேலையை விட்டாகிவிட்டது. வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. இனி வண்டிதான் வீடு என்று நானும் அவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தோம். அவரும் ராஜினாமா கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

என் கணவர் திரைத்துணியோடு வந்தார். “நீலமா, பச்சையா? நீயே சொல்லு.” மூடியைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

“ராஜினாமா கொடுத்தீங்களா?” என்றேன்.

“லீவு போட்டிருக்கேன். சம்பளமில்லாத லீவு. ஒரு மாசம் சுத்தினா உனக்கே அலுத்துடும்னு...”

“நான் எழுதிக் கொடுக்கறப்ப பக்கத்துலதானே நின்னீங்க?”

“தடுத்தா நீ கேக்கிற ஆளா?”

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர்கள் இருவரும் பேசி முடித்துவிட்டதன் மேல்தான் நான் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“அண்ணா, பெரிய வட்ட பிட் எது?”

“மாப்பிள்ளை இருக்கும்போது எப்படி...”

“வண்டி என் பேர்ல இருக்கு.”

எடுத்து டிரில்லில் மாட்டிக் கொடுத்தான். பெட்டியைத் துடைத்துவிட்டு, உள்பக்கமும் அதேபோல ஒட்டியிருந்த சல்லடை மூடியை நெம்பி எறிந்தேன். தகடு அறுபடும் சத்தத்தில் என் கணவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. நிறுத்தியபோது அவரும் நிறுத்தியிருந்தார்.

“கட்டிலைப் பாதியா வெட்டிடு” என்றேன் அண்ணனிடம். “பேட்டரிய டிரைவர் சீட்டுக்குப் பின்னாலயே கொண்டு போ.”

“பாதின்னா ஒரு ஆள்தான் படுக்கலாம்.”

“ஆமா. அவருக்கு லீவு முடிஞ்சிடும்ல.”

அண்ணன் டேப்பை எடுத்து அளந்தான். அவன் முடித்ததும் அதை வாங்கி நான் ஒரு தடவை அளந்தேன்.